துளையிடுவதா, விடுவதா: மன்னார் ஆழ்கடல் எரிவாயுவை முன்வைத்து

நில அதிர்வுத் தரவுகளைப் படித்துக் கடலடியில் என்ன இருக்கும் என்று சொல்லும் வேலை எனக்கு என்று தெரிந்தவுடன், ராமேஸ்வரத்து நண்பர்களும் யாழ்ப்பாணத்து நண்பர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கிறதா? இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதமே அது கிணறு தோண்டி உறுதி செய்யப்பட்டது. உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: அப்படியானால் ஏன் இத்தனை ஆண்டுகளாக எடுக்கவில்லை? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், கிணறு தோண்டுவதற்கு முன்னால் ஒரு மேசையைச் சுற்றி என்ன பேசப்படுகிறது, எந்த எண்களை வைத்துப் பேசப்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எரிவாயு இருக்கிறதா என்பது அந்த மேசையில் எழும் பல கேள்விகளில் ஒன்று மட்டுமே என்பதும், அதைவிடக் கடினமான கேள்விகள் அதற்குப் பின்னால் நிற்கின்றன என்பதும் வெளியே பரவலாகத் தெரிவதில்லை.

கோண்டுவானா என்னும் பெருநிலம் உடைந்தபோது, இன்றைய இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பூமி பிளக்கத் தொடங்கி, முழுதாகப் பிளந்து பெருங்கடலாக மாறாமல் பாதியில் நின்றுபோன பள்ளம்தான் மன்னார்ப் படுகை. வடக்கே இருக்கும் காவிரிப் படுகை இதன் உடன்பிறப்பு. அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கின்றன. 1970-களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறு தோண்டினார்கள். 1981-இல் அமெரிக்காவின் சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனம் வளைகுடாவில் பேர்ல்-1 என்ற கிணற்றைத் தோண்டியது. இரண்டிலும் விற்கத்தக்க அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. பிறகு போர்க்காலம். 2001-இல் மீண்டும் நில அதிர்வு அளவீடு தொடங்கியது; 2003-இல் பெட்ரோலிய வளங்கள் சட்டம் வந்தது; 2008-ஆம் ஆண்டு ஜூலையில் மன்னார்க் கடலின் ஒரு பிளாக்கை, அதாவது எண்ணெய், எரிவாயு தேட உரிமம் தரப்படும் ஒரு கடற்பகுதியை, கெய்ர்ன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொள்ளப்பட்ட கடல் எல்லை ஒப்பந்தங்களால் எந்தப் பக்கம் யாருக்கு என்ற வழக்கு எண்ணெய் நிறுவனங்களுக்கு எழவில்லை. உலகின் பல கடல்களில் வாய்க்காத வசதி அது.

ஓரிடத்தில் எரிவாயு தேங்கியிருக்க வேண்டுமானால் ஐந்து காரியங்கள் கூடிவர வேண்டும். உயிர்ப்பொருள் நிறைந்த மூலப் பாறை வேண்டும். அது போதிய ஆழத்தில் புதைந்து, வெந்து, எரிவாயுவை வெளிவிட்டு, அந்த வாயு நகர்ந்து வர வழி இருக்க வேண்டும். வந்து தங்க நுண்துளைகள் உள்ள தேக்கப் பாறை வேண்டும்; பெரும்பாலும் அது மணற்கல்லாக இருக்கும். அந்தப் பாறை கவிழ்த்த கிண்ணம் போலவோ வேறு வகையிலோ வாயுவைப் பிடித்து நிறுத்தும் வடிவத்தில் அமைய வேண்டும். எங்கள் தொழிலில் அதைப் பொறி என்கிறோம். அதன் மேல் வாயு கசியாதபடி களிமண் பாறை மூடியாக அமைய வேண்டும். இந்த ஐந்தில் நான்கு சிறப்பாக அமைந்து ஒன்று தவறினாலும் கிணறு வறண்ட கிணறுதான். எனவே ஒவ்வொன்றும் சரியாக அமைந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று தனித்தனியே மதிப்பிட்டு, ஐந்தையும் பெருக்குகிறோம். மூலப் பாறைக்கு 0.8, நகர்வுக்கு 0.7, தேக்கப் பாறைக்கு 0.6, பொறிக்கு 0.7, மூடிக்கு 0.8 என்று வைத்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாமே நம்பிக்கை தரும் எண்களாகத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 0.19-தான் வரும். ஐந்து கிணறு தோண்டினால் ஏறத்தாழ ஒன்றில் கிடைக்கும் என்பது இதன் பொருள். அதுவரை யாரும் எதையும் கண்டிராத படுகையில் இது நல்ல எண் என்றே கருதப்படும்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் என் அன்றாட வேலை. கப்பல் ஒன்று அழுத்தக் காற்றைக் கடலுக்குள் வெடிக்கவிட்டு ஒலி அலையை அனுப்புகிறது. அலை கீழே சென்று, பாறை மாறும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்புகிறது. கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துவரப்படும் கம்பிவடங்கள் அந்த எதிரொலியைப் பதிவு செய்கின்றன. மன்னாரில் கெய்ர்ன் இப்படி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் முப்பரிமாணத் தரவு எடுத்தது. கணினித் திரையில் அது சிவப்பும் நீலமுமான வரிகளாக, வெட்டிய வெங்காயத்தின் அடுக்குகள் போலத் தெரியும். வாயு நிறைந்த மணற்கல் பெரும்பாலும் சுற்றியுள்ள பாறையைவிட மென்மையானது. ஒலி அதனுள் மெதுவாகச் செல்லும். அதனால் அதன் உச்சியில் எதிரொலி பளிச்சென்று, மற்ற வரிகளைவிடப் பலமடங்கு வலுவாகத் தெரியலாம். புதிதாகச் சேரும் இளைஞர்கள் இந்தப் பளிச்சிடலைக் கண்டதும் துள்ளிக் குதிப்பார்கள். நானும் குதித்தவன்தான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் முதல் வாரத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார். எந்தப் பளிச்சிடலைக் காட்டினாலும் அவர் அதைப் பார்க்க மாட்டார். முதலில் திரையின் மேற்பகுதியில் கடல்தரை வரியின் மீது விரலை வைக்கச் சொல்வார். தண்ணீரிலிருந்து மண்ணுக்குள் ஒலி நுழையும் இடம் அது. அங்கே மென்மையிலிருந்து கடினத்துக்கு மாறுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. கடல்தரை சிவப்பில் தொடங்கினால், நான் காட்டும் பளிச்சிடல் நீலத்தில் தொடங்க வேண்டும். ஏனென்றால் வாயு மணற்கல்லின் உச்சியில் கடினத்திலிருந்து மென்மைக்கு மாற வேண்டும். இரண்டும் ஒரே நிறத்தில் தொடங்கினால் அது வாயுவாக இருக்க வழியில்லை. கடினமான ஏதோ ஒரு பாறை, பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் அல்லது எரிமலைப் பாறை. மன்னாரில் இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கையாக நின்றுவிடவில்லை. அந்தப் படுகைக்குள், டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்து எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை இருக்கிறது. அதுவும் திரையில் பளிச்சென்றுதான் மின்னும்.

நிறம் சரியாக இருந்தாலும் அடுத்த சோதனை காத்திருக்கிறது. வாயு மேலேயும் நீர் கீழேயும் ஒரே பாறைக்குள் இருந்தால், இரண்டும் சந்திக்கும் மட்டம் குளத்து நீர்மட்டம் போலச் சமதளமாக இருக்கும். சுற்றியுள்ள பாறை அடுக்குகள் சாய்ந்து கிடக்க, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வரி மட்டும் தட்டையாக ஓடினால், அதைக் காண்பதில் உள்ள மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம். பளிச்சிடலின் விளிம்பு ஆழ வரைபடத்தின் ஒரே உயரக்கோட்டை, அதாவது ஒரே ஆழமுள்ள புள்ளிகளை இணைக்கும் கோட்டைப் பின்பற்றிச் செல்கிறதா என்றும் பார்ப்போம். ஆனால் ஆழ வரைபடமே ஒரு கணிப்பு. அலை சென்று திரும்பிய நேரம்தான் நமக்குக் கிடைக்கிறது. அதை ஆழமாக மாற்ற வேகம் தெரிய வேண்டும். கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். வண்டல் பாறையில் 2,000, 3,000 என்று கூடும். கடல்தரையில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு இருந்தால், அதன் கீழேயுள்ள அடுக்குகள் உண்மையில் நேராக இருந்தாலும் திரையில் தொய்ந்து தெரியும். பள்ளத்தாக்கின் இரு கரைகளின் கீழும் இல்லாத மேடுகள் முளைக்கும். அந்த மேடுகளைப் பொறி என்று நம்பி வரைபடம் வரைந்தவர்கள் உண்டு.

என் வாழ்க்கையில் நான் பங்கெடுத்த ஒரு தவறான முடிவையும் இங்கே எழுதிவிடுவது நியாயம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆழ்கடல் வாய்ப்பிடம் ஒன்றை, அதாவது வாயு இருக்கலாம் என்று தரவு காட்டும் ஓரிடத்தை மதிப்பிட்டோம். நிறம் சரியாக இருந்தது, விளிம்பு உயரக்கோட்டோடு பொருந்தியது, வெற்றி வாய்ப்பைப் பாதிக்கும் மேலாக வைத்தோம். கிணறு தோண்டியபோது மணற்கல் இருந்தது, வாயுவும் இருந்தது. ஆனால் துளைகளில் பெரும்பங்கு நீர், வாயு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோடா பாட்டிலைத் திறந்ததும் மேலெழும் குமிழிகள் போன்ற வாயு. எடுத்து விற்க உதவாது. துளைக்குள் சிறிதளவு வாயு நுழைந்த உடனேயே அங்குள்ள திரவம் பஞ்சு போல அமுங்கத் தொடங்கிவிடுவதால், 10 விழுக்காடு வாயு இருந்தாலும் 80 விழுக்காடு வாயு இருந்தாலும் ஒலியின் வேகம் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்துவிடும். இது 1970-களிலிருந்தே தொழிலில் அறியப்பட்ட செய்தி, எங்களுக்கும் தெரிந்ததுதான். அந்தப் பொறியில் ஒரு காலத்தில் நிறைய வாயு இருந்து, பிறகு மூடியிலிருந்த பிளவு வழியே கசிந்து போயிருந்தது. கடல்தரைக்கு அருகே அந்தக் கசிவின் தடம் புகைபோக்கி போலத் தரவில் தெரிந்தது. வரைபடம் தீட்டிய நாளிலேயே நான் அதைப் பார்த்திருந்தேன். மூலப் பாறை வேலை செய்கிறது என்பதற்கான நற்சான்றாக அதை அறிக்கையில் எழுதினேன். மூடிக்கு எதிரான சான்றாகவும் அதையே எழுதியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு, ஒரு சான்றை ஐந்து காரணிகளில் ஒன்றின் கீழ் மட்டும் எழுதி நிறுத்தும் அறிக்கையை நான் கையெழுத்திடுவதில்லை. வாய்ப்பிடத்தைக் கண்டுபிடித்தவரே அதன் வெற்றி வாய்ப்பை முடிவு செய்யக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மாதக்கணக்கில் ஓர் இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது பிள்ளையைப் போல ஆகிவிடும். அந்த வாய்ப்பிடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சிலர், பல வாய்ப்பிடங்களை ஒரே அளவுகோலால் பார்ப்பவர்கள், எண்ணை வைக்க வேண்டும். அவர்கள் குறைத்து வைக்கும்போது மனம் கசக்கத்தான் செய்யும்.

வாய்ப்புக்கு அடுத்தது அளவு. இதில் கணக்கு எளியது, உள்ளே போகும் எண்கள்தான் நிலையில்லாதவை. 20 சதுர கிலோமீட்டர் பரப்பு, 20 மீட்டர் நிகரத் தடிமன் (வாயு தங்கக்கூடிய மணற்கல்லின் தடிமன் மட்டும்) என்று கொண்டால் 40 கோடி கன மீட்டர் பாறை. அதில் 20 விழுக்காடு துளை, துளையில் 70 விழுக்காடு வாயு என்றால் 5.6 கோடி கன மீட்டர் வாயு அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அடைந்து கிடக்கிறது. மேலே கொண்டுவந்தால் அது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். ஆக 1,400 கோடி கன மீட்டர். தொழிலின் வழக்கமான அலகில் சொன்னால் அரை டிரில்லியன், அதாவது 50,000 கோடி கன அடி. அதில் 70 விழுக்காட்டை எடுக்க முடியலாம். இப்போது பரப்பு 20 அல்ல, 10-ஆக இருந்தால்? தடிமன் 20 அல்ல, 12-ஆக இருந்தால்? ஒவ்வோர் எண்ணுக்கும் குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று ஒரு வீச்சைக் கொடுத்து ஆயிரக்கணக்கான முறை கணினியில் உருட்டிப் பார்க்கிறோம். குறைந்த மதிப்பீட்டுக்கும் உயர்ந்த மதிப்பீட்டுக்கும் ஐந்து மடங்கு, பத்து மடங்கு இடைவெளி வருவது இயல்பு. அந்த இடைவெளி குறுகலாக இருக்கும் அறிக்கையைக் கண்டால்தான் எனக்கு ஐயம் வரும்.

கண்டுபிடித்த பிறகும் இந்த ஐயம் முழுதாகத் தீர்வதில்லை என்பதற்கு நம் கிழக்குக் கரையிலேயே பெரிய சான்று இருக்கிறது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 பிளாக்கில் 2002-இல் ரிலையன்ஸ் கண்ட வாயு, 2009 ஏப்ரலில் உற்பத்திக்கு வந்து, 2010-இல் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டர் அளவை எட்டியது. அந்த பிளாக்கில் வாயு தேங்கியிருந்த முதன்மை வயல்களான டி1, டி3 ஆகிய இரண்டிலும் எடுக்கத்தக்க வாயு 10 டிரில்லியன் கன அடிக்கு மேல் என்று முதலில் மதிப்பிடப்பட்டிருந்தது. 2012-இல் அந்த எண் ஏறத்தாழ 3 டிரில்லியனாகச் சுருங்கியது. 2020 பிப்ரவரியில் அந்த வயல்கள் அடங்கின. ஆழ்கடலில் பழைய ஆற்று வாய்க்கால்களைப் போல வளைந்து ஓடும் மணற்படிவுகள் அவை. திரையில் ஒன்றோடொன்று இணைந்து தெரிவது பூமிக்குள் இணைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடுவே மெல்லிய களிமண் திரை இருந்தால் அந்தப் பக்கத்து வாயு இந்தப் பக்கத்துக் கிணற்றுக்கு வராது. இந்த வயலைச் சுற்றி நடந்த நீண்ட வழக்குகளிலும் அரசியல் பேச்சிலும், மணற்படிவுகளின் இணைப்பு என்ற இந்த எளிய நிலவியல் கேள்வி மக்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வாய்ப்பும் அளவும் கிடைத்த பிறகு பணம் வருகிறது. கற்பனையாக, கிணற்றுக்கு 10 கோடி டாலர் செலவு என்றும், வென்றால் எல்லாச் செலவும் போக இன்றைய மதிப்பில் 70 கோடி டாலர் கிடைக்கும் என்றும் வைப்போம். வெற்றி வாய்ப்பு 0.19. எழுபதின் 0.19 பங்கு 13.3, பத்தின் 0.81 பங்கு 8.1, வேறுபாடு 5.2 கோடி. தோண்டலாம். வென்றால் கிடைப்பது 35 கோடி மட்டும்தான் என்றால் 6.65-இலிருந்து 8.1-ஐக் கழிக்க வேண்டும். கணக்கு சுழிக்குக் கீழே போய்விடும். பூமிக்குள் ஒரு மணல்கூட இடம் மாறவில்லை; விலை மாறியது, அல்லது வாங்குபவர் இல்லாமல் போனார், அல்லது குழாய் போட வேண்டிய தூரம் கூடியது. எண்ணெயாக இருந்தால் மிதக்கும் கலத்தில் நிரப்பி உலகின் எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பிவிடலாம். எரிவாயுவுக்குக் கரை வரை குழாய் வேண்டும், கரையில் அதை எரிக்க ஆள் வேண்டும். இல்லையேல் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை நடுத்தர அளவுக் கண்டுபிடிப்பு தாங்காது. இலங்கையில் அன்று எரிவாயுக் குழாய் வலையமைப்பே இல்லை. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் யுகதனவி மின்நிலையம் எரிவாயுவுக்கு மாற்றத்தக்க வகையில் கட்டப்பட்டு, உலை எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போன்ற சில மின்நிலையங்கள்தான் மன்னார் எரிவாயுவை வாங்கக்கூடியவை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் புறப்படும் ஊர் அது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் காட்டில் போர் போட்டார்கள். 600 அடிக்கு மேலே போயும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது, ஈரமே இல்லை. வண்டிக்காரர் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அப்பாவிடம் வந்து, "இன்னொரு நூறடி போட்டுப் பாத்தரலாமுங்களா?" என்று கேட்டார். அப்பா வாயடைத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதுவரை செலவான பணம் நினைவுக்கு வந்தால் நிறுத்த மனம் வராது. கையில் மீதியிருக்கும் பணம் நினைவுக்கு வந்தால் தொடர மனம் வராது. அவர் வண்டிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பக்கத்துக் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, அதற்குக் கீழே போனவர் யாராவது உண்டா? அதற்குக் கீழே போன மூன்று பேருக்கும் வரவில்லை என்று தெரிந்ததும், குழாயை ஏற்றச் சொல்லிவிட்டார். ஆழ்கடல் கிணறு ஒன்று நடுவில் நிற்கும்போது இதே கேள்வி நாளொன்றுக்குப் பல லட்சம் டாலர் வாடகையோடு எழுகிறது. 2011-ஐ ஒட்டிய காலத்தில் ஆழ்கடல் துளைக்கப்பலின் வாடகை மட்டும் நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் அளவில் இருந்தது. எனவே எந்த ஆழத்தில், எதைக் கண்டால் நிறுத்துவோம் என்பதைத் தோண்டத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மன்னாருக்கு வந்த கப்பல் சிக்யூ. ஜப்பானிய மொழியில் பூமி என்று பொருள். பூகம்பம் பிறக்கும் பாறைகளை எட்டிப்பார்க்க ஜப்பான் கட்டிய அறிவியல் துளைக்கப்பல் அது. 2011 மார்ச் 11 அன்று ஹச்சினோஹே துறைமுகத்தில் பள்ளிக் குழந்தைகள் அதைச் சுற்றிப்பார்த்துக் கொண்டிருந்தபோது ஆழிப்பேரலை வந்தது. குழந்தைகள் அன்றிரவு கப்பலிலேயே தங்கி மறுநாள் ஹெலிகாப்டரில் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள்; கப்பல் தன் உந்துவிசை இயந்திரங்களில் ஒன்றை இழந்தது. அதே ஆண்டில் அது இலங்கையின் வடமேற்குக் கரைக்கு அப்பால், 1,354 மீட்டர் ஆழமுள்ள நீரில் டொராடோ கிணற்றைத் தோண்டியது. 3,044 மீட்டருக்கும் 3,069 மீட்டருக்கும் இடையே 25 மீட்டர் மணற்கல்லில் எரிவாயுவும் கொஞ்சம் திரவ ஹைட்ரோகார்பனுக்கான அறிகுறியும் கிடைத்தன. அக்டோபர் தொடக்கத்தில் செய்தி வெளியானது. இலங்கையின் முதல் கண்டுபிடிப்பு.

அடுத்து பராகுடா, டொராடோவிலிருந்து 38 கிலோமீட்டர் மேற்கே, 1,509 மீட்டர் நீரில். அங்கே 4,067 மீட்டரிலிருந்து 4,206 மீட்டர் வரையுள்ள பகுதியில் மூன்று அடுக்குகளில் மொத்தம் 24 மீட்டர். கிணறு 4,741 மீட்டர் வரை போனது. பசால்ட் பாறையையும் துளைத்தது. மூன்றாவதான டொராடோ வடக்கு வறண்ட கிணறு. 2013-இல் தோண்டிய வல்லாகோவும் வறண்டது.

இந்த நான்கு கிணறுகளை வெற்றி இரண்டு, தோல்வி இரண்டு என்று எண்ணுபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அப்படி எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. டொராடோ தோண்டப்படும் முன், மன்னாரில் மூலப் பாறை வேலை செய்கிறதா என்பதே ஐயம்; பேசாலையும் பேர்லும் அந்த ஐயத்தைத்தான் விட்டுச் சென்றிருந்தன. டொராடோ, பராகுடா இரண்டிலும் கிடைத்ததோடு அந்தக் காரணி படுகையின் அந்தப் பகுதி முழுமைக்கும் ஒன்றை நெருங்கிவிட்டது. அண்டையிலிருக்கும் எல்லா வாய்ப்பிடங்களின் பெருக்குத்தொகையும் சில வாரங்களிலேயே உயர்ந்தது. அதனால்தான் டொராடோ வடக்கு வறண்டபோது மூலப் பாறையின் மேல் பழிபோட யாருக்கும் இடமில்லாமல் போனது. வாயு பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் இங்கே மணல் வரவில்லையா, பொறி மூடவில்லையா என்று தேடும் வட்டம் சுருங்கிவிட்டது. ஒரு கிணறு தரும் தகவல் அடுத்த பத்துக் கிணறுகளின் எண்களை மாற்றும் என்றால், அதன் மதிப்பில் அந்தத் தகவலுக்கும் ஒரு விலை போட வேண்டும். புதிய படுகையில் முதல் கிணற்றைச் சிறிய, எளிய வாய்ப்பிடத்தில் தோண்டக் கூடாது, ஐயம் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே தோண்ட வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். 2011-இல் மன்னாரில் தோண்டியது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

ஆனால் கெய்ர்ன் 2015-இல் விலகிக்கொண்டது. டொராடோ கண்டுபிடிக்கப்பட்டபோது கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது. 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே விழுந்தது, ஓராண்டில் 30-க்கும் கீழே. இலங்கை மின்நிலையங்கள் எரித்த எண்ணெய்க்குப் பதிலாகத்தான் மன்னார் எரிவாயு விற்க வேண்டும் என்னும்போது, எண்ணெய் மலிந்தால் எரிவாயுவுக்குக் கேட்கும் விலையும் மலிய வேண்டும். 1,300 மீட்டருக்கு மேல் ஆழமான நீரில் கடலடிக் கருவிகள், கரைக்குக் குழாய், கரையில் சுத்திகரிப்பு நிலையம் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டிய நாட்டில், இரண்டு நடுத்தர வயல்கள் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. எங்கள் தொழிலில் கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கும் வணிக வயல் என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கும் தூரம் இதுதான். செய்தித்தாள் தலைப்பில் அந்தத் தூரம் தெரிவதில்லை. அதைப் படித்த பேசாலை மீனவரின் பிள்ளை தன் ஊருக்கு வேலை வரும் என்று நம்பியதில் தவறே இல்லை.

மீனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேசையில் பேசும்போது அவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். முப்பரிமாண அளவீட்டுக் கப்பல் வரும் வாரங்களில் வலை போட முடியாத பரப்பு எவ்வளவு என்பது முதல், கிணற்றில் அழுத்தம் மீறினால் என்ன ஆகும் என்பது வரை அவர்கள் முன்னால் எண்களாக வைக்கப்பட வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்தது 2010 ஏப்ரல் 20-இல்; 11 பேர் இறந்தார்கள், 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது. எரிவாயுக் கிணறு எண்ணெய்க் கிணற்றைப் போலக் கரையைக் கறுப்பாக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லும் உரிமை தோண்டாத கிணற்றின் மேல் யாருக்கும் இல்லை. பவளப் பாறைகளும் கடற்பசுக்களும் உள்ள வளைகுடாவின் தெற்கே நடக்கும் வேலை இது. நீருக்கு அடியில் அழுத்தம் எங்கே கூடும் என்று முன்கூட்டியே கணிப்பதும் நில அதிர்வுத் தரவைப் படிப்பவரின் பொறுப்புதான். அந்தப் பக்கம் சரியாக நிரப்பப்படாத அறிக்கைக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் கையெழுத்து கிடைக்கக் கூடாது.

இன்று யாராவது என்னை அழைத்து மன்னாரில் அடுத்த கிணறு எங்கே என்று கேட்டால், முதலில் இடத்தைக் காட்ட மாட்டேன். எரிவாயுவை எந்த மின்நிலையம், எந்த விலைச் சூத்திரத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கும் என்ற உடன்படிக்கையைக் கேட்பேன். அதிலிருந்துதான் எவ்வளவு வாயு இருந்தால் வயல் பிழைக்கும் என்ற குறைந்தபட்ச அளவு கிடைக்கும். அந்த அளவை எட்டக்கூடிய வாய்ப்பிடங்களை மட்டும் பழைய தரவில் மீண்டும் தேடுவேன். பழைய தரவை இன்றைய கணினி முறைகளால் மறுசெயலாக்கம் செய்து, பசால்ட்டுக்குக் கீழே மங்கிக் கிடக்கும் அடுக்குகளைத் துலக்க வேண்டும். டொராடோவிலும் பராகுடாவிலும் கிடைத்த உண்மையான வேகங்களைக் கொண்டு ஆழ வரைபடத்தைப் புதிதாக வரைய வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு துளைக்கப்பல் கடலில் சில வாரங்கள் நிற்பதற்கான வாடகையைவிடக் குறைவு. அதை முடித்த பிறகு, கடல்தரை வரியின் மேல் விரலை வைத்துத் தொடங்கலாம்.